சின்னண்ணனுக்கும் இளையவர் யார்? – வம்சாவளி எழுதுவது குறித்துச் சில குறிப்புகள்

உன் தாத்தா பேர் என்ன, அவரோட அப்பா பேர் என்ன என்கிற கேள்வியைக் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் உள்ளூர் வரலாற்று ஆர்வலர். தோளில் காமிரா, பையில் கல்வெட்டு எழுத்தில் பூச மைதா மாவு. மற்றவர் சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வருகிற அதிகாரி. முதலாமவரின் கேள்விக்குப் பதில் தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. இரண்டாமவருக்குச் சொல்லும் பதில் பிசகினால் பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். இந்த இரண்டு விசாரணைகளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் குழு நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

என்னிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு மலையடிவாரத்து ஊர். அப்பா செத்த பிறகு தகரப் பெட்டியில் கிடந்த காகிதங்களைத் தூக்கிக்கொண்டு இந்த வரலாற்று ஆர்வலர் குழுவிடம் போனேன். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், ஒரு தபால்காரர், ஒரு பத்திர எழுத்தர் என்று மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறவர்கள். கைக்காசைச் செலவழித்துப் புதரில் கிடக்கும் நடுகல்லைத் தேடிப் போகிற சனங்கள். பல்கலைக்கழகத் துறைகள் செய்யாத வேலையைச் செய்கிறவர்கள் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. பத்திர எழுத்தர்தான் சொன்னார்: "உன் தாத்தனைக் கோயில் கல்லுல தேடாத தம்பி, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல தேடு." நகலுக்கு மனுப்போட்டுக் காத்திருந்ததில் 1920களின் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. இன்னார் குமாரர் இன்னார், இன்ன மதம், இன்ன ஜாதி, இன்ன ஜீவனம் என்று அந்தக் காலத்துப் பத்திர நடையில் எழுதியிருந்தது. பூட்டன் பேர் முதல்முறையாக எழுத்தில் கண்ணில் பட்டபோது எனக்குக் கண் கலங்கியது. அதை நான் கேலி செய்யப்போவதில்லை.

கலங்கியது தெளிந்த பிறகு மூன்று விஷயங்கள் உறுத்தின. பூட்டன் பேரும் அப்பா பேரும் ஒன்று. தாத்தா பேரும் என் பேரும் ஒன்று. பேரன் என்றால் பெயரன், பாட்டன் பேரைச் சுமக்கிறவன். ஆக, எங்கள் வம்சத்தில் நாலு தலைமுறைக்கு இரண்டே பேர்கள் மாறி மாறி வருகின்றன. தேதி இல்லாத காகிதத்தில் அது எந்தத் தலைமுறை ஆள் என்று எவனாலும் சொல்ல முடியாது. இரண்டாவது, ஆயா பேர் எங்கும் இல்லை. இருக்காது. அவளிடம் விற்பதற்கு எப்போதும் எதுவும் இருந்ததில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பூட்டனின் பத்திரத்தில் ஜாதி 'பள்ளி'. தாத்தாவின் காகிதத்தில் 'படையாட்சி'. என்னுடைய டி.சி.யில் 'வன்னியகுல சத்திரியர்'. இடையில் என்ன நடந்தது என்பது தெரிந்த கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிமதிப்புகளையொட்டி மனுக்கள் போனதும், அக்கினியில் பிறந்த குலம் என்று புத்தகங்கள் அச்சானதும், சங்கங்கள் கூடியதும் எல்லாம் பதிவான வரலாறு. ஒரு சமூகம் தன்னை இழிவுபடுத்திய சொல்லைத் தூக்கியெறிந்து வேறொரு கதையாடலைக் கட்டியது. அதற்கான நியாயம் அதற்கு உண்டு. நான் சொல்ல வருவது வேறு. மூன்று தலைமுறையில் மூன்று ஜாதிப் பேர் எழுதியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை எந்த அதிகாரியும் உட்காரவைத்து "முன்னுக்குப் பின் முரணா இருக்கே" என்று கேட்டதில்லை. இந்தச் சலுகை சமவெளிக்கு உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும்போது இந்தச் சலுகை கீழேயே நின்றுவிடுகிறது.

கல்வராயன் மலையில் பெரும்பான்மையோர் 'மலையாளி' என்கிற பழங்குடியினர். (கேரளத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருப்பதே ஒரு துன்பம்.) ஆண்கள் பேருக்குப் பின்னால் கவுண்டன் என்று வரும். இவர்களுடைய தோற்றக் கதையைத் தமிழ்நாட்டில் இனவரைவியல் வாசித்த எல்லோருக்கும் தெரியும். காஞ்சிபுரத்து வேளாளர்கள். முஸ்லிம் ஆட்சி பரவிய காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன்பு, அங்கிருந்து கிளம்பினார்கள். இன்னொரு வடிவத்தில் கிளம்பியது கரியராமர் என்கிற சாமி. அவருக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, பின்னாலேயே பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர் குடும்பத்தோடு வந்து ஆளுக்கொரு மலையைப் பிடித்தார்கள். யார் எந்த மலை என்பது வடிவத்துக்கு வடிவம் மாறும். சேலம் மாவட்டக் கையேட்டில் 1883இல் அச்சேறிய இந்தக் கதை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலுக்குள் போய் உட்கார்ந்தது. தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். சனங்களின் மூக்கை அளந்தவர். கதைகளையும் அப்படித்தான், அளவெடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்.

குழுவோடு மலைக்குப் போனபோது ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து இதே கதையை எங்களுக்குச் சொன்னார். பத்துத் தலைமுறை என்றார். கையேடு எழுதியபோதும் பத்துத் தலைமுறை, நூற்று நாற்பது வருஷம் கழித்தும் பத்துத் தலைமுறை. வாத்தியார் ஒருவர் இதைப் பிழை என்று குறித்துக்கொண்டார். பிழை இல்லை. ஆப்பிரிக்க வாய்மொழி மரபுகளை ஆராய்ந்த யான் வான்சினா இதைத்தான் மிதக்கும் இடைவெளி என்றார். தோற்றம் குறித்துச் செழிப்பான கதை இருக்கும். பாட்டன் காலத்திலிருந்து இந்தப் பக்கம் விவரமான நினைவு இருக்கும். நடுவில் வெற்றிடம். தலைமுறைகள் நகர நகர அந்த வெற்றிடமும் கூடவே நகரும். இந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் நம் வரலாற்று ஆர்வலருக்குக் கை அரிக்கிறது. அதற்குள் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். கல்வராயனைப் பொறுத்தவரை ராஜா தயாராக இருக்கிறார், கிருஷ்ணதேவராயர். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்கிற மூன்று ஜாகிர்களும் அவர் கொடுத்ததாக மரபு. ஜாகிர்தார் குடும்பங்களின் செப்பேட்டுக் கதையை எடுத்து, எல்லாக் குடிகளின் வரலாறாகவும் ஆக்கிவிட்டால் வெற்றிடம் நிரம்பியது மாதிரி இருக்கும்.

யாருடைய வரலாறு அது? ஜாகிர் ஆட்சி 1976இல்தான் ஒழிந்தது. தேசம் சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழித்து, அதுவும் நெருக்கடி நிலைக் காலத்தில், இந்த ஊர்கள் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தன. அதுவரை குடியானவன் கட்டிய வரி ஜாகிர்தாருக்குப் போனது. ஆகவே சமவெளி ரயத்துவாரி ஊர்களில் தாத்தா பேரைத் தேடி எடுக்கிற மாதிரி சிட்டா, அடங்கல், பழைய செட்டில்மென்ட் என்று அங்கே எளிதில் தேட முடியாது. இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுகிறவனுக்குப் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தேவாலயப் பதிவேடு உண்டு. 1841 முதல் வீட்டுவாரியான குடிமதிப்புப் படிவம் உண்டு. இங்கே குடிமதிப்பு எடுக்கப்பட்டதே ஒழிய, தனி ஆளின் படிவத்தை யாரும் பார்க்க முடியாது, 1948ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்குப் பிறகும் மலையில் எத்தனை பிரசவம் பதிவானது என்று கேட்காமல் இருப்பது நல்லது. ஜாகிர்தாருக்கு வம்சாவளி இருக்கிறது, குடியானவனுக்குப் பாட்டனோடு முடிகிறது என்றால் அது மறதியால் அல்ல. ஆவணம் என்பதே அதிகாரம் போன பாதையில் உதிர்ந்த இறகுகள்தான். ஜாகிர்தாரின் பட்டயத்தைக் கொண்டு குடியானவனின் மூதாதையை எழுதுவது, கணக்குப்பிள்ளை நோட்டைக் கொண்டு கூலிக்காரன் சரித்திரம் எழுதுகிற வேலை.

இனி அந்தச் சகோதரர்களின் கதைக்கு வருகிறேன். அதை உண்மையா பொய்யா என்று பார்க்காமல் ஒரு பிரதியாக வாசித்தால் என்ன கிடைக்கிறது?

பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். இவை பேர்களே அல்ல, உறவுமுறைச் சொற்கள். (பெரியண்ணன், சின்னண்ணன் என்று எங்கள் பக்கத்தில் ஆட்களுக்குப் பேர் வைப்பதுண்டு என்பது தெரியும். மூன்றும் சேர்ந்து வரும்போது அந்தச் சமாதானம் நிற்காது.) மூன்று சகோதரர்களில் கடைசி ஆளை மற்ற இருவரும் 'தம்பி' என்றுதான் கூப்பிட முடியும். அவனும் 'சின்னண்ணன்' ஆகிறான் என்றால், மூவரையும் 'அண்ணன்' என்று விளிக்கிற நாலாவது ஆள் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூவருக்கும் இளையவர். அவர் எந்த மலைக்குப் போனார், எந்த ஜாகிர் அவருக்குக் கிடைத்தது என்று கதை சொல்வதில்லை. தம்பியாக இருக்கலாம். பங்கு கிடைக்காதவர் என்பதால் தங்கையாக இருக்க அதிக வாய்ப்பு என்பது என் வாசிப்பு. கையேடு எழுதிய துரைமாருக்குத் தமிழ் உறவுமுறை உறைத்திருக்காது. நமக்குமா உறைக்காமல் போயிற்று?

இன்னொரு வடிவத்தில் இந்தச் சகோதரர்கள் மலைக்கு வந்து கைக்கோளர், வேடர், பள்ளர் பெண்களை மணந்துகொண்டதாக வருகிறது. ஆண்களுக்காவது பெரிய, நடு, சின்ன என்று வரிசை இருக்கிறது. பெண்களுக்கு அதுகூட இல்லை, ஜாதி மட்டும். அன்றைக்குப் பெரியவர் சொல்லி முடித்ததும், வாசற்படிக்கு உள்ளே கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி நிமிராமலே சொன்னாள்: "அவங்க வந்தாங்க, சரி. வந்தப்ப இங்க யாரு இருந்தாங்கன்னு கேளுங்க." பெரியவர் சிரித்தார். எங்களவர் ரெக்கார்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். இதைவிடப் பெரிய விமர்சனத்தை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் படித்ததில்லை. தகப்பன் வழியில் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வேடப் பெண்ணின் வயிற்றில் பிறந்தவர்கள் என்பதும் அதே கதைக்குள்தானே இருக்கிறது? தாய்வழியில் இந்த மலை யாருடையது?

சும்மா வாசிப்பு விளையாட்டுக்காக இதைச் சொல்லவில்லை. கதை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தப்படுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் வரை பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுத்துவந்தார். அதற்குப் பிறகு கோட்டாட்சியர். 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களை அமைக்கச் சொன்னது. போலிச் சான்றிதழ்கள் உண்மையில் இருந்தன. பழங்குடிக்குப் போக வேண்டியதை மற்றவன் தின்றான். அதைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. ஆனால் அதற்கு வைத்த அளவுகோல், சாமி, சடங்கு, கல்யாண முறை, பிணத்தை அடக்கும் முறை என்று மானிடவியல் கூறுகளைப் பார்ப்பது. தர்ஸ்டனின் கண்ணாடிப் பெட்டி மறுபடி திறந்தது. பெட்டிக்குள் இருக்கிற 1909ஆம் வருஷத்து ஆளோடு, 2000க்குப் பிறகு பிறந்து, கோழிக்கடையில் வேலை செய்து, காலேஜுக்கு மனுப்போடுகிற பையனை ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்தப் பொருத்தச் சோதனையே இறுதி அளவுகோல் ஆகாது என்று 2023இல் மகாராஷ்டிரத் தாக்கூர் பழங்குடிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பழைய ஆவணங்கள் இருந்தால் அவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பதும் சட்டம் சொல்லிவருவதுதான். ஆவணமே இல்லாத ஜாகிர் மலைக்காரனுக்கு அந்தத் தெளிவு எவ்வளவு தூரம் உதவும்?

இப்போது அந்தக் காஞ்சிபுரத்து வேளாளர் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் சமவெளி ஜாதிகளுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்பதற்காக மலை சொல்லிக்கொண்ட கதை. எங்கள் பூட்டன்மார் அக்கினியில் பிறந்தோம் என்று சொல்லிக்கொண்ட அதே தேவைதான். எங்களுக்கு அந்தக் கதை ஏணி. அவர்களுக்கோ, "வேளாளர்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எப்படிப் பழங்குடி?" என்று திரும்பி வந்து குத்துகிற ஈட்டி. கவுண்டன் என்கிற பின்னொட்டும் அப்படித்தான். எங்கள் குழுவே ஒரு ஊர் வரலாற்று மலரில் 'கல்வராயன் வேளாளர் வரலாறு' என்று பெருமையாகத் தலைப்புப் போட்டிருக்கிறது. மலர் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அச்சில் வந்த எதுவும் நாளைக்கு யார் மேஜைக்குப் போகும் என்று அச்சடித்தவனால் சொல்ல முடியாது. பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்கிற பேர் மாவட்டப் பேர்களோடு சேர்ந்துதான் வருகிறது. ஈரோடு அதில் இல்லாததால் பர்கூர் மலைக்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டக் கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ஒருவன் பழங்குடி ஆகிறான், அல்லது ஆகாமல் போகிறான்.

நைஜீரியாவின் டிவ் மக்களிடம் இதன் இன்னொரு முகம் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களுடைய வம்சாவளிகளை நீண்ட பட்டியல்களாக எழுதி வைத்துக்கொண்டு வழக்குகளில் எடுத்துக்காட்டினார்கள். நாற்பது வருஷம் கழித்து மானிடவியலாளர் லாரா போஹனனும் அவர் கணவரும் அங்கே போனபோது, பட்டியல் தப்பு என்று டிவ் மக்கள் சொன்னார்கள். எழுதியது எழுதியபடிதான் என்று அதிகாரிகள் சாதித்தார்கள். அந்த மக்களுக்கு வம்சாவளி என்பது இன்றைக்கு யாருக்கு யார் பங்காளி, யார் சம்பந்தி என்பதைப் பேசித் தீர்க்கிற ஏற்பாடு. உறவு மாறினால் வம்சாவளியும் ஓசையின்றி மாறும். எழுதினவுடன் அது செத்துப்போனது. எழுதாதே என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவன் எதைக் கொல்கிறான் என்று தெரிந்து எழுத வேணும்.

ஃபூக்கோவின் 1971ஆம் வருஷக் கட்டுரை ஒன்றை வைத்து 'வம்சாவளி' என்கிற சொல்லைச் சிறுபத்திரிகைகளில் நிறையவே புரட்டியிருக்கிறோம். தோற்றமூலத்தைத் தேடுவதற்கு எதிரானது வம்சாவளி ஆய்வு, அது தற்செயல்களையும் பிசகுகளையும் உடம்பின் மேல் எழுதப்பட்ட தழும்புகளையும் தேடுவது என்றெல்லாம் எழுதினோம். பாண்டிச்சேரியிலோ சென்னையிலோ கூட்டம் போட்டு இதைப் பேசிவிட்டு, ஊருக்குப் பஸ் ஏறி வந்து, குலதெய்வக் கோயில் மலருக்கு 'எங்கள் குலத்தின் தோற்றம்' என்று கட்டுரை கொடுத்த தோழர்களையும் நான் அறிவேன். கோட்பாடு ஞாயிற்றுக்கிழமைக்கு, குலம் திங்கட்கிழமைக்கு.

அலெக்ஸ் ஹேலியின் நாவல் 1976இல் வந்தது. தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்று படித்து அழாதவர்கள் எங்கள் தலைமுறையில் குறைவு. காம்பியாவின் ஜுஃபுரே கிராமத்தில் ஹேலிக்கு மூதாதை பேரைச் சொன்ன ஆள் மரபான கதைசொல்லி அல்ல, ஹேலி எதைக் கேட்க வருகிறார் என்பது அங்கே முன்பே தெரிந்திருந்தது என்று டொனால்ட் ரைட் 1981இல் எழுதினார். அதனால் நாவலின் வலி பொய்யாகிவிடவில்லை. ஆனால் கேட்கிறவனின் பசிக்கு ஏற்ப மூதாதை கிடைப்பார் என்பது அதில் இருக்கிற பாடம். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். குழுவிடம் வருகிறவர் யாரும் தன் பாட்டன் பண்ணையாளாக இருந்தார் என்று கண்டுபிடிக்க வருவதில்லை.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக. தென்னார்க்காடு அதில் நிறைய ஆள் பிடிக்கப்பட்ட ஜில்லா. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பேர், தகப்பன் பேர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். ஃபூக்கோ சொன்ன தழும்பு இங்கே நிஜமாகவே ஒரு பத்தியாக இருக்கிறது. வெள்ளைக்காரன் இதைக் கரிசனத்தால் எழுதவில்லை, ஓடினால் பிடிக்க எழுதினான். ஆனாலும் இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்தோ, மொரீசியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்துவிட்டோ வருகிற கொள்ளுப்பேத்திக்குத் தன் கொள்ளுப்பாட்டியின் எண் தெரியும். ஆமாம், கூலிக் கப்பலின் பதிவேட்டில் பெண்ணுக்குத் தனி வரிசை, தனி எண் உண்டு. எங்கள் குழு அச்சடித்து வைத்திருக்கிற வம்சாவளிப் படிவத்தில் இல்லை. 'மனைவி' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் பேர் எழுத இடம் பத்தாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஒரு மாதம் பத்திரிகைக்காரர்கள் கல்வராயனுக்கு ஏறி இறங்கினார்கள். உயர் நீதிமன்றமும் மலைச் சனங்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அப்போது எழுதப்பட்ட மலை வரலாறுகளில் பாதிக்கு மேல் சாராய ஊறல் வரலாறு. அந்த நேரத்தில் எங்கள் குழு அடுத்த மலருக்கு மலையிலிருந்து ஒரு செப்பேட்டுப் படம் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் அந்த வண்டியில் இருந்தேன்.

குழுவிடம் என் கோரிக்கை எளிமையானது. மலையில் எந்த வீட்டுக் கதையைப் பதிவு செய்தாலும், பதிவின் ஒரு பிரதி முதலில் அந்த வீட்டுக்குப் போக வேணும். எதை அச்சிடலாம் என்பதை அவர்கள் சொல்ல வேணும். ஒரு கதைக்கு ஐந்து வடிவம் கிடைத்தால் ஐந்தையும் யார் சொன்னது, எப்போது என்று எழுத வேணும். வாத்தியார் உட்கார்ந்து சரியான வடிவம் தயாரிக்கிற வேலை கூடாது. ராஜாவைத் தேடுகிற நேரத்தில் பாதியை ஜாகிர் காலத்தில் கொடுத்த வரி, செய்த வெட்டி வேலை, 1976க்குப் பிறகு வனத்துறையோடு நடந்த இழுபறி இவற்றை நினைவில் வைத்திருக்கிற ஆட்கள் சாவதற்குள் கேட்பதற்குச் செலவிட வேணும். பாட்டன் பேர் தெரியாத பையனுக்குச் சான்றிதழ் மனுவில் இந்தப் பதிவு உதவுமா என்று பத்திர எழுத்தரைக் கேட்டேன். "தகப்பன் வழி இரத்த உறவு யாருக்காவது சர்டிபிகேட் இருந்தா அதுதான் உதவும். இதெல்லாம் அப்புறம்தான்" என்றார். தொழில் தெரிந்தவர் பேச்சு அது, மறுக்கவில்லை.

போன கூட்டத்தில் படிவத்தை மறுபடி அச்சடிப்பது பற்றிப் பேச்சு வந்தது. தாய்வழிக்கும் தகப்பன்வழி அளவுக்கே கட்டங்கள் வேணும் என்றேன். காகிதம் அகலம் பத்தாது என்றார்கள். திருப்பிப் போட்டு அச்சடிக்கலாமே என்றேன். செலவு இரட்டிப்பாகும் என்று பொருளாளர் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னுடைய படிவத்தை எடுத்து, ஆயாவுக்கு அவள் பிறந்த ஊரில் என்ன பேர், அவள் அம்மா எந்த ஊர் என்று அத்தையைக் கேட்டு எழுதினேன். அத்தை ஊர்களை வரிசையாகச் சொன்னாள். எங்கிருந்து எங்கே கட்டிக்கொடுத்தார்கள் என்று ஐந்து ஊர். நாலாவது ஊரைச் சொல்லும்போது "அது மேல, மலையில" என்றாள். பேர் மட்டும் ஞாபகமில்லை.